மயிலை நக்காத கை

அத்தை வீட்டு மாட்டுக் கொட்டகையில் இரண்டு காளைகள் நின்றன. செவலை பரம சாது. வாலைப் பிடித்துத் தொங்கினாலும் திரும்பிப் பார்க்காது. மயிலை அப்படியில்லை. அதற்கு மனுஷக் கை என்றால் உயிர். வேர்த்த கையோடு யார் பக்கத்தில் போய் நின்றாலும் கழுத்தை நீட்டி, முழங்கையில் ஆரம்பித்து விரல் நுனி வரைக்கும் ஓர் இழுப்பு இழுக்கும். உப்புத்தாளால் தேய்த்தது போல இருக்கும். மாட்டுத் தரகர், மோட்டார் பழுதுபார்க்க வந்தவர், வரி வாங்க வந்த வில்லேஜ் ஆபீஸ்காரர் எல்லோரும் அந்த நாக்கிடம் மாட்டியிருக்கிறார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மலையாளச் சீமையில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் தோட்டத்துக்கும் அவர்கள் தோட்டத்துக்கும் நடுவில் ஓர் ஓடைதான். பள்ளிக்கூடம் விட்டால் என் கால்கள் வீட்டைத் தாண்டிக்கொண்டு அங்கேதான் போகும். அவர்களுக்கு அப்போது பிள்ளை இல்லை. அதனால் அந்த வீட்டில் வெல்லப்பானை முதல் மாமாவின் தோள் வரைக்கும் என் ராஜாங்கம்.

மயிலைக்கு அத்தையின் கைதான் எல்லாவற்றிலும் ஒசத்தி. தீவனம் வைக்கப் போனால் தீவனத்தை விட்டுவிட்டுக் கையை நக்கும். அத்தைக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மாமாவுக்கு அவளைச் சீண்டாவிட்டால் பொழுது போகாது.

“வேர்வை உப்புக்கு நக்குது கண்ணு. உன்ற அத்தை மேல பாசம் பொங்குதுன்னு நெனச்சுக்காத” என்பார் என்னிடம்.

“உங்குளுக்கென்னுங்க தெரியும்? மாட்டுக்கு ஆளத் தெரியுமுங்க” என்பாள் அத்தை. நான் எப்போதும் அத்தை கட்சி. உப்புக்காக ஒருத்தரை நக்குவதாவது என்று எனக்குத் தோன்றியது.

நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், கிணற்றுக்குள் மோட்டாரை இறக்கும்போது படி வழுக்கி மாமா விழுந்துவிட்டார். வலது கால் முறிந்தது. கட்டுப்போடும் வைத்தியர் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டி, நடக்கிற பாக்கியம் இருந்தால் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அழவில்லை. விளக்கேற்றி, பழனி முருகனிடம் பேரம் பேசுகிற மாதிரி ஒரு வேண்டுதல் வைத்தாள். இவர் தன் காலால் எழுந்து நடந்தால் ஒரு மண்டலம் உப்பில்லாமல் சாப்பிட்டு, செருப்பில்லாமல் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்றாள்.

எங்கள் பக்கத்தில் அது பெரிய வேண்டுதல். கறி மீனை யார் வேண்டுமானாலும் விடுவார்கள். உப்பை விடுவது என்றால், சோறு தின்ன வேண்டும், ஆனால் தின்றதாக இருக்கக் கூடாது. நடுவில் ஒரு கல் உப்பு நாக்கில் பட்டாலும் அத்தனையும் போச்சு. சாமி கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பார்கள்.

தை மாதம் மாமா எழுந்து நடந்தார். கொஞ்சம் கிந்தல் இருந்தது, ஆனால் நடந்தார். மாசியில் அத்தை உப்பை விட்டாள். அவள் தட்டிலிருந்து ஒரு வாய் வாங்கித் தின்றுவிட்டுத் துப்ப இடம் தேடி ஓடினேன் நான். அவளோ முகம் சுளிக்காமல், ஏதோ கல்யாண விருந்து போலப் பிசைந்து சாப்பிட்டாள். “மாமனோட காலு கண்ணு” என்றாள். “அத நெனச்சா எல்லாம் எறங்கும்.”

கொஞ்ச நாளில் ஒரு விசித்திரம் நடந்தது. மயிலை அத்தையை நக்குவதை நிறுத்திவிட்டது. கையை நீட்டினால் மோந்து பார்க்கும். பிறகு உனக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அத்தைக்கு மனசு விட்டுப் போயிற்று. தவிட்டில் வெல்லம் கலந்து வைத்தாள், கொம்புக்கு எண்ணெய் தடவினாள், ஒன்றும் நடக்கவில்லை.

“உன்ற மேல உப்புத் தீந்து போச்சு புள்ள” என்று மாமா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். காளை ஒரு சேதி சொல்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

பங்குனி உத்திரத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு கூட்டம் நடந்து போகும். அப்பாவின் அண்ணன், என் பெரியப்பாதான் அதற்குத் தலைவர். சாமான்களும் தண்ணீர்க் குடங்களும் ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டுவண்டி பின்னால் வரும். அந்த வருஷம் வண்டி மாமாவுடையது. கால் காரணமாக அவரை நடக்க விடவில்லை, ஓட்டச் சொல்லிவிட்டார்கள். நான் பரீட்சை முடிந்த கையோடு அழுது புரண்டு வண்டியில் இடம் பிடித்தேன். நடக்கிறவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுப்பது என் வேலை.

பங்குனி வெயிலைச் சொல்லி மாளாது. கணவாய்க் காற்று ஈரத்தையெல்லாம் துடைத்துக்கொண்டு போகிற காலம். தார் ரோட்டில் கால் வைத்தால் கொப்புளம். ஓரத்து மண்ணில் நடந்தால் முள். பொள்ளாச்சி தாண்டுவதற்குள் எல்லோருடைய சட்டை முதுகிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. வழி நெடுகப் பந்தல் போட்டு நீர்மோர் கொடுத்தார்கள். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு, உப்பு உறைக்கக் கலந்த மோர். எல்லோரும் சொம்பு சொம்பாகக் குடித்தார்கள். அத்தை மட்டும் பந்தல் பக்கம் திரும்பாமல் வண்டிக்கு வந்து வெறும் தண்ணீர் கேட்பாள். அவளுக்கென்று மாமா ஒரு சட்டியில் தயிர் கொண்டுவந்திருந்தார். உப்பில்லாமல் கரைத்து எப்போதாவது கொடுப்பார். மற்றபடி தண்ணீர்தான்.

“தண்ணியக் குடிச்சுட்டே இருந்தா வெயிலு ஒண்ணும் பண்ணாது. குடி அம்மிணி, இன்னுங் குடி” என்று பெரியப்பா விரட்டிக்கொண்டே வந்தார். நானும் மொண்டு மொண்டு கொடுத்தேன். ஒரு பெரிய மனுஷிக்கு நான் தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

உடுமலைப்பேட்டை நெருங்குகிற நேரத்தில் அத்தைக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்து நீவிவிட்டுக்கொண்டு மறுபடி நடந்தாள். அப்புறம் தலைவலி என்றாள். பெரியப்பா இன்னொரு சொம்பு தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்த தண்ணீரை ஒரு புளியமரத்தடியில் அப்படியே வாந்தி எடுத்தாள். நான் ஓடிப்போய் முதுகைத் தடவினேன். அவள் என்னைப் பார்த்து, “நீயாரு கண்ணு, உங்கம்மா தேடப் போறா, ஊட்டுக்குப் போ” என்றாள். என்னையா கேட்கிறாள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. அப்படியே சரிந்து மரத்து வேரில் தலையைச் சாய்த்துவிட்டாள்.

மாமா வண்டியிலிருந்து குதித்தார். உடைந்த கால் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அவளைத் தூக்கி வண்டியில் கிடத்தி, ரோட்டோரத்தில் இருந்த ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். டாக்டர் இல்லை. வெள்ளைச் சேலை கட்டிய நர்ஸம்மா ஒருத்தர் இருந்தார். பேச்சில் மலையாள வாடை அடித்தது. அது எங்களுக்கு ஊரிலிருந்து சொந்தக்கார ஒறம்பரை வந்த மாதிரி இருந்தது. அத்தையின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கண் இமையை விலக்கிப் பார்த்தார், என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். உப்பு விரதம் என்று பெரியப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

நர்ஸம்மா பெரியப்பாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். தண்ணீரை அவர் வெள்ளம் என்றுதான் சொன்னார்.

“சோத்திலே உப்பு போகலை. வேர்வையிலே உள்ள உப்பெல்லாம் வெளியே வந்தாச்சு. நீங்க வெறும் வெள்ளமா கொடுத்துக் கொடுத்து, மிச்சம் கெடந்ததையும் கழுவி விட்டிருக்கீங்க. தாகம் வேற, உப்பு வேற. இப்ப உப்பும் சர்க்கரையும் கலக்கிக் கொஞ்சங் கொஞ்சமா கொடுக்கணும். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரியிலே பாட்டில் ஏத்தணும். ரெண்டும் செய்யாம நடக்க விட்டா இவங்க பழனி போய்ச் சேர மாட்டாங்க.”

பெரியப்பா தலையைச் சொறிந்தார். அந்தப் பாட்டிலில் உப்பு இருக்குமா என்று கேட்டார். இருக்கும் என்றதும், ஊசி வழியாக ஏறுகிற உப்பு நாக்கில் படாதே, அது விரதத்தில் சேருமா சேராதா என்று மற்றவர்களோடு பேச ஆரம்பித்துவிட்டார். ஆளுக்கொரு நியாயம் சொன்னார்கள். நடுவில் பெஞ்சில் கிடந்த அத்தை கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

“உப்பு மட்டும் வேண்டாமுங்க. இவிய காலு போயிருமுங்க.”

மாமா எழுந்தார். அவளுக்கு வழக்கமாகக் கொடுக்கிற மோரைக் கரைத்துக் கொண்டுவருகிறேன் என்று வெளியே போனார். நான் சொம்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

வண்டியில் காளைகளுக்கென்று தவிட்டு மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சாக்கில் கல்லுப்பு இருக்கும். தொலைதூரம் இழுத்து வந்த மாடுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கை போட்டுக் கலக்கிக் காட்டுவார் மாமா. இல்லாவிட்டால் வெயிலில் படுத்துவிடும் என்பார். அந்தச் சாக்கில் கையை விட்டுக் கொஞ்சம் உப்பு எடுத்தார். துண்டின் முனையில் முடிந்து, வண்டிச் சக்கரத்தின் கடையாணியைக் கழற்றி அதால் நுணுக்கினார். தயிரைக் கரைத்து உப்பைப் போட்டார். மேலே நிறைய நாட்டுச்சர்க்கரை போட்டுக் கலக்கினார். விரலில் தொட்டு என் நாக்கில் வைத்து, “உப்புத் தெரியுதா?” என்று கேட்டார். இனிப்புத்தான் தெரிகிறது என்றேன். இனிப்பு இருந்தால் எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது அவருக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது.

அப்புறம் அவர் செய்ததை என்னால் மறக்க முடியவில்லை. சொம்பை வண்டித் தட்டில் வைத்துவிட்டு, கிழக்கே பழனி இருக்கிற பக்கம் பார்த்துக் கும்பிட்டார். “பண்ணுனது நானு. அவ மேல ஒண்ணுமில்ல. காலத் திருப்பி எடுத்துக்கோணும்னா எடுத்துக்க” என்றார். பக்கத்து வீட்டுக்காரரிடம் கடப்பாரையைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். என்னைப் பார்த்து, “அத்தைகிட்டச் சொல்லீராத கண்ணு” என்றார். அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்தது.

அத்தையைத் தூக்கிச் சாய்த்து உட்கார வைத்து, மாமாவே சொம்பை வாயில் வைத்தார். ஒரு மடக்குக் குடித்தாள். நிறுத்தினாள். கண்ணைத் திறந்து மாமாவைப் பார்த்தாள். பிறகு அவள் மறுபடி வாயைத் திறந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக முழுச் சொம்பும் குடித்தாள். நர்ஸம்மா மாமாவையும் சொம்பையும் மாறி மாறிப் பார்த்தார். இன்னொரு சொம்பு இதே மாதிரி கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்வதற்குள் அத்தை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். என் மாமா எப்பேர்ப்பட்ட கெட்டிக்காரர் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தையையும் ஏமாற்றி, பெரியப்பாவையும் ஏமாற்றி, முருகனிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட்டாரே. ஆனால் ஒரு கவலை இருந்தது. முருகன் காலைக் கேட்டால் எப்படி எடுத்துக்கொள்வார்? கழன்று விழுமா? மீதி வழி முழுக்க வண்டியில் உட்கார்ந்து மாமாவின் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நர்ஸம்மா சொன்னபடி ஒரு நாள் அங்கேயே தங்கினோம். மாமா மோர் கரைத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெல்ல நடந்து அத்தை பழனி சேர்ந்தாள், மலையும் ஏறினாள். இறங்கி வந்ததும் விரதத்தை முடிக்க உப்புப் போட்ட புளிச்சோற்றை இலையில் வைத்தார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட்டாள். மாமாவும் பசியில்லை என்று பஞ்சாமிர்தத்தைத் தொட்டுக்கொண்டார். இரண்டு இலைச் சோற்றையும் நான்தான் தின்றேன்.

ஊருக்கு வந்த பிறகு பெரிய லீவு. எனக்கு அத்தை வீட்டில் இரண்டு புது உத்தியோகம் கிடைத்தது. முதல் உத்தியோகம் உப்புப் பார்ப்பது. குழம்பு கொதிக்கும்போது அத்தை தனக்கென்று ஒரு கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் உப்பைப் போடுவாள். தான் ருசி பார்க்காமல் என் உள்ளங்கையில் ஊற்றிச் சரியா என்று கேட்பாள். “மாமாகிட்டச் சொல்லீராத கண்ணு” என்பாள். எனக்கு உப்பு என்றால் ஆசை. இன்னும் போடு, இன்னும் போடு என்பேன். அவளும் என்னை நம்பிப் போடுவாள்.

இரண்டாவது உத்தியோகம், மத்தியானம் காட்டுக்கு மாமாவுக்குச் சோறு கொண்டு போவது. வேப்பமர நிழலில் தூக்குப் போசியைத் திறந்ததும் மாமா குழம்பு, பொரியல் எல்லாவற்றையும் என் பக்கம் நகர்த்திவிடுவார். வெறும் சோற்றில் தயிரை ஊற்றி, ஒரு துண்டு வெல்லத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவார். காலையிலும் ராத்திரியிலும் வயிற்றுச் சூடு என்று அத்தையிடம் சொல்லி வீட்டில் பாலும் பழமும்தான். “குழம்பு உனக்குத்தான் கண்ணு. அத்தைகிட்டச் சொல்லீராத” என்பார். நான் சொல்வேனா? அந்த லீவில் நான் நன்றாகக் கொழுத்தேன். இரண்டு பேருடைய ரகசியத்தையும் ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தருக்காக வயிற்றில் சுமந்துகொண்டு திரிந்தேன். என்னைப் போல நம்பிக்கையான ஆள் ஊரில் கிடையாது என்று எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

சித்திரையில் ஒரு கோடை மழை நல்லபடியாகப் பெய்தது. கடலை போடுவதற்கு மாமா ஏர் பூட்டினார். மழை விட்ட பிறகு அடிக்கிற வெயிலில் மண்ணிலிருந்து ஆவி கிளம்பும். அதில் ஏர் பிடிக்கிறவனுக்கு வேர்வை கண்ணை மறைக்கும். முதல் நாளே மாமாவின் வலது கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. வெளியே சொல்லாமல் நொண்டிக்கொண்டே உழுதார். இரவில் அத்தை எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். அடுத்த நாளும் இழுத்தது. அத்தையின் முகம் கறுத்துப் போயிற்று. அன்றைக்கு அந்தச் சின்னக் கிண்ணத்துக் குழம்பைக்கூட அவள் தொடவில்லை. வெறும் சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டாள்.

எனக்கு மட்டும் விஷயம் தெளிவாகத் தெரிந்தது. முருகன் காலைத் திருப்பிக் கேட்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் சொல்லக் கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறாரே. தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு போசியைத் தூக்கினேன். அன்றைக்கு அத்தையும் என்னோடு காட்டுக்கு வந்தாள்.

நாங்கள் வரப்பில் ஏறுகிறபோதே பார்த்துவிட்டோம். மாமா ஏரை விட்டுவிட்டு மண்ணில் மல்லாந்து கிடந்தார். இரண்டு கையாலும் வலது காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அத்தை ஓடினாள். சேற்றில் அப்படியே மண்டியிட்டு அந்தக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நீவினாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

“என்னாலதானுங்க. எல்லாம் என்னாலதான்” என்றாள்.

“உன்னால என்ன புள்ள, எல்லாம் என்ற வேல” என்றார் மாமா.

எதைப் பற்றி என்று இருவருமே சொல்லவில்லை. நான் நுகத்தடியிலிருந்து பூட்டாங்கயிற்றை அவிழ்த்துவிட்டேன். செவலை நிழலைப் பார்த்துப் போயிற்று. மயிலை நேராக எங்களிடம் வந்தது. அத்தையின் கையை மோந்து பார்த்தது. வழக்கம் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்து மாமாவிடம் போயிற்று. மாமாவின் கையில் வேர்வை ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. மோந்தது, மறுபடி மோந்தது. அதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டது. பிறகு என் பக்கம் திரும்பிக் கழுத்தை நீட்டி, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும் ஆசை தீர நக்கியது.

அத்தையின் கை நீவுவதை நிறுத்தியது. என்னைப் பார்த்தாள், மயிலையைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். மாமாவின் கையைப் பிடித்து இழுத்து, குனிந்து நாக்கு நுனியை அதில் வைத்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாடுதான் நக்குகிறது என்றால் அத்தையுமா?

“ஏனுங்க” என்றாள். “எத்தன நாளா?”

மாமா வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். “அன்னிக்கு மோருல உப்புப் போட்டனல்லொ” என்றார் கடைசியில். “உன்ற விரதத்தக் கெடுத்தவன் நானு. அதான், அந்த மண்டலத்த நானிருந்து கழிச்சறலாம்னு.”

“எனக்குத் தெரியுமுங்க.”

“என்ன தெரியும்?”

“மொத மடக்குலயே தெரிஞ்சுதுங்க. ஒரு மண்டலம் உப்புப் படாத நாக்குங்க அது. அரை மயக்கத்துலயுந் தெரிஞ்சுது. சொம்பு புடிச்ச கை நடுங்குச்சு. அதத் துப்பறதுக்கு எனக்கு மனசு வல்லீங்க.” மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். “அதான் பழனியிலயே மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிச்சுட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சா வெசனப்படுவீங்கன்னு சொல்லல.”

மாமா எழுந்து உட்கார்ந்தார். “நீயுமா?” என்றார். கொஞ்ச நேரம் காலைத் தடவிக்கொண்டே யோசித்தார். பிறகு, “நர்ஸம்மா சொன்னது உனக்கு மட்டும்னு நெனச்சுப் போட்டேன்” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தார். “முருகன் காலக் கேக்கல புள்ள. காலுதான் உப்புக் கேட்டிருக்குது.”

கலப்பைக்குப் பக்கத்தில், மயிலைக்கும் செவலைக்கும் கொண்டுவந்த உப்புச் சாக்கு கிடந்தது. அத்தை அதைப் பிரித்து, பெரிய கல்லாகப் பார்த்து ஒன்றை எடுத்து, தெற்கே பார்த்தோ கிழக்கே பார்த்தோ ஒரு கும்பிடு போட்டாள். எந்தத் திசை என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அதை மாமாவின் வாயில் போட்டாள். மாமா இன்னொரு கல்லை எடுத்து அவள் வாயில் போட்டார். அப்புறம் போசியைத் திறந்து, அன்றைக்கு நான் இன்னும் போடு, இன்னும் போடு என்று போட வைத்த அந்த உப்புக் குழம்பை இரண்டு பேரும் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரே போசியில் தின்றார்கள். எனக்கு ஒரு வாய்கூடக் கொடுக்கவில்லை. அந்த லீவில் முதல் தடவையாக நான் பசியோடு உட்கார்ந்திருந்தேன்.

இருவர் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ஏன் அத்தை அழறீங்க என்று கேட்டேன். “உப்பு ஜாஸ்தி கண்ணு” என்றாள் அத்தை. அது என்னால் வந்த வினை என்று எனக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போயிற்று. நாளையிலிருந்து அளவாகச் சொல்ல வேண்டும் என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் ஓடையைத் தாண்டி வீட்டுக்கு ஓடிப்போய் அம்மாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். மாமாவின் கால் வலியைப் பற்றியோ, அத்தை அழுததைப் பற்றியோ, இரண்டு பேரும் ஒரே போசியில் சாப்பிட்டதைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அதெல்லாம் ஒரு சேதியாகவே எனக்குப் படவில்லை. கையை நீட்டிக் காட்டி நான் சொன்னது இதுதான்: மயிலைக்கு அத்தையையும் பிடிக்காது, மாமாவையும் பிடிக்காது, அந்த வீட்டிலேயே அதற்கு என் மேல்தான் பாசம்.